அறுக்காத நடுக்கதவு

எங்கள் வீட்டுக்கு டைல் போட்டது அக்காவின் கல்யாணப் பேச்சுக்காக. அந்த டைலைத் தெரிந்தெடுத்தது பெரியம்மா. அப்போது நான் நாலாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நடக்கும் எல்லாவற்றையும் பார்த்தேன். எதுவும் விளங்கவில்லை.

இரத்தோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் பாதையில், ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பங்களுக்காகக் கட்டிய வீடு அது. ஒரு பக்கம் அப்பாவுக்கு, மற்றப் பக்கம் அவருடைய அண்ணனுக்கு. பெரியப்பா நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. பெரியம்மா அந்தப் பக்கத்தில் தனியாக இருந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுச் சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தார். எங்கள் ஹோலுக்கும் அவர் இடியப்பம் அவிக்கும் குசினிக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. எங்கள் பக்கமாகத் திறக்கும் அந்தக் கதவைப் பகல் நேரத்தில் யாரும் சாத்தி நான் கண்டதில்லை. எந்தப் பக்கம் கறி மணக்கிறதோ, அன்றைக்கு நான் அந்தப் பக்கத்துப் பிள்ளை. பின்னேரம் நாடகம் தொடங்கும்போது பெரியம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து எங்கள் டீவிக்கு முன்னால் உட்கார்ந்து, நாடகத்து மாமியார்களை ஒருவர் விடாமல் ஏசுவார்.

அக்காவை முதலில் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஒரு பதிலும் சொல்லவில்லை. அதற்கு அம்மா கண்டுபிடித்த காரணம் தரை. எங்களுடையது பழைய சிமெந்துத் தரை. சிவப்பு பொலிஷ் பூசிப் பூசி, தேய்த்துத் தேய்த்து, நடுவில் வெடித்து, வெடிப்பை அப்பா பூசி மூடி, மூடிய இடமும் வெடித்திருந்தது. வந்த அம்மாள் கதிரையில் இருந்த நேரம் முழுவதும் அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்ததாக அம்மா அடித்துச் சொன்னார். அக்கா எவ்வளவு படித்திருக்கிறாள், எப்படிச் சிரிப்பாள் என்பதையெல்லாம் ஒரு வெடிப்பு விழுங்கிவிட்டது என்பது அம்மாவின் கட்சி. அடுத்து உக்குவளையிலிருந்து ஒரு இடம் வருகிறது என்று தெரிந்ததும், அவர்கள் வருவதற்குள் தரை மாறியாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். அப்பா மிளகும் கராம்பும் வாங்கி மாத்தளைக் கடைகளுக்குக் கொடுப்பவர். அந்த முறை விளைச்சலும் கொஞ்சம் கைகொடுத்ததால் சரி என்றார்.

டைல் பார்க்க மாத்தளைக்கு எல்லாருமாகப் போனோம். கடைக்குள் டைல்களைச் சுவரோடு வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு விளக்கைப் போட்டிருந்தார்கள். முகம் தெரியும்படி மினுங்கிய ஒரு வெள்ளை டைலின் முன்னால் அம்மா நின்றவர் நின்றவர்தான். அப்பாவுக்கு அழுக்குத் தெரியாத கறுப்பு வேண்டும். அது வாகன சாமான் கடைக்குத்தான் சரி என்று அம்மா சொல்ல, அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. கடைக்காரப் பையன் இரண்டு பேரும் சொல்வது சரி என்று இரண்டு பேருக்கும் தலையாட்டினான்.

அதுவரை பேசாமல் இருந்த பெரியம்மா, டைலைச் சுவரில் நிறுத்திவைத்துப் பார்த்து என்ன பயன், நாம் என்ன சுவரிலா நடக்கப் போகிறோம் என்று கேட்டார். வெள்ளை டைலைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லி, பையனின் தண்ணீர்ப் போத்தலை வாங்கி அதன்மேல் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை வைத்தார். கால் சர்ரென்று போனது. அப்பாவின் கையைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார். இப்படியே ஏழெட்டு டைல்களின் மேல் ஏறி இறங்கினார். கடைசியில் பால் தேத்தண்ணி நிறத்தில், மினுக்கம் இல்லாத ஒரு டைலைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கே போய்விட்டார். கடை விளக்கில் எல்லாம் அழகாகத்தான் தெரியும், வெயிலில் பார்க்க வேண்டும் என்றார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா வெட்கத்தில் யாரோ போலத் தள்ளிப்போய் நின்றாள்.

"இதுல மழக்காலத்துல புள்ளைக ஓடினாலும் விழாதுங்க" என்றார் பெரியம்மா.

அம்மா அரை மனதோடு தலையாட்டினார். பெரியம்மாவின் பக்கத்துக்கும் சேர்த்தே எடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னதற்கு, இடியப்பம் அவிக்கிற இடத்துக்கு டைல் எதற்கு, மாவு கொட்டினால் சிமெந்துதான் வசதி என்று பெரியம்மா மறுத்துவிட்டார்.

வேலை நடந்த நாட்கள் எனக்குத் திருவிழாதான். எங்கள் சாமான்கள் எல்லாம் நடுக்கதவு வழியாகப் பெரியம்மாவின் பக்கத்துக்குக் குடிபோயின. நாங்களும் போனோம். அப்பா மிளகு வாங்க லக்கல பக்கம் போயிருந்ததால் வேலையை அம்மாதான் பார்த்துக்கொண்டார். டைல் போட வந்தவர் சிங்களவர். எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். மேசன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம், எல்லாருக்கும் அவர் பாஸ்தான். பழைய தரையை உடைக்காமல், கொத்திவிட்டு அதன்மேலேயே டைலைப் பதிக்கப் போவதாகவும், தரை ஒரு அங்குலத்துக்கு மேல் உயரும் என்பதால் கதவுகளின் அடியை அறுக்க வேண்டியிருக்கும் என்றும் முதல் நாளே சொல்லிவிட்டார். அறுக்காவிட்டால் கதவு டைலில் முட்டித் திறக்காதாம். சொன்னபடியே ஒவ்வொரு அறையாக முடித்து, ஒவ்வொரு கதவாகக் கழற்றி, முற்றத்தில் இரண்டு மர வாங்குகளின் மேல் கிடத்தி அறுத்தார். மரத்தூளை நான் அள்ளி அள்ளி விளையாடினேன்.

அறைகள் முடிந்து சாமான்களையும் உள்ளே எடுத்த அன்று, மாத்தளையிலிருந்து சித்தி வந்தார். அம்மாவின் தங்கை. ஹோலில் நின்று அறைகளின் புதுத் தரையைப் பாராட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொள்வதாக நினைத்துக்கொண்டு பேசினார்.

"அன்னைக்கு மட்டும் உங்க ஓப்படியா முன்னுக்கு வராம பாத்துக்கங்க. தாலி இல்லாதவங்க. மொதல் தடவையும் அவங்கதானே தேத்தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க."

ஓப்படியா என்றால் பெரியம்மாதான். "அத நான் எந்த வாயால அவங்ககிட்ட சொல்றது" என்றார் அம்மா.

கூடாது என்று அம்மா சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றுதான் கேட்டார். நடுக்கதவு திறந்தே இருந்தது. அந்தப் பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. பெரியம்மா துருவி முடித்துவிட்டார் என்று நினைத்து, ஒரு பிடி தேங்காய்ப்பூ கேட்க ஓடினேன். பாதித் தேங்காய் இன்னும் அவர் கையில் இருந்தது.

மறுநாள் காலை ஹோலின் கடைசி வரிசைக்கு பாஸ் வந்து சேர்ந்தார். அம்மாவும் அக்காவும் கடைக்குப் போயிருந்தார்கள். பாஸ் நடுக்கதவைக் கழற்ற அதன் பிணைச்சலில் திருப்புளியை வைத்ததும், அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா வந்து, இந்தக் கதவை மட்டும் அறுக்க வேண்டாம், பலகையைக் கரையான் தின்றிருக்கிறது, அறுத்தால் நொறுங்கிவிடும் என்றார். பாஸ் விரல் மடக்கி மேலும் கீழும் தட்டிப் பார்த்தார். நல்ல பலா, இரும்பாக இருக்கிறது என்றார். பெரியம்மா கேட்கவில்லை. கதவைச் சாத்தியபடியே வைத்து அதன் அடி வரைக்கும் டைலைப் போட்டுவிடச் சொன்னார். போட்டுவிட்டால் பிறகு இந்தக் கதவு திறக்காது, யோசித்துச் சொல்லுங்கள் என்று பாஸ் எச்சரித்தார்.

"பரவால்லீங்க பாஸ். சுத்திப் போயிக்கலாம். காலு இருக்குதானே."

பாஸ் திருப்புளியைப் பைக்குள் வைத்தார். பெரியம்மா தன் பக்கம் போய்க் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.

அம்மா திரும்பி வந்தபோது டைல் கதவடி வரைக்கும் போய் முட்டி நின்றது. பாஸ் சாப்பிடப் போயிருந்தார். அம்மா அந்த இடத்தில் வெகுநேரம் நின்றார். பாஸ் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை. சுமையை யாரோ இறக்கி வைத்த ஆறுதல்தான் இருந்தது என்று இப்போது தெரிகிறது. பின்னேரம் பாஸிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அன்றே கதவின் மேல் புதுத் திரை ஒன்றும் தொங்கியது. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கேட்டால் சொல்லாமல் இருக்கும் பழக்கமும் இல்லை.

அன்றிலிருந்து பெரியம்மா நாடகம் பார்க்க வரவில்லை. தலையிடி என்றார். எனக்கு அது பிடிக்கவேயில்லை. அவர் ஏசாத மாமியார்கள் நாடகத்தில் உப்புச்சப்பில்லாமல் இருந்தார்கள்.

உக்குவளைக்காரர்கள் வந்த அன்று மழை தூறியது. மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, மூன்று பேரும் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்புக்காரர். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை உள்ளே வைத்து, அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்த காலை வைத்தார். உட்கார்ந்ததும் அவர் முதலில் பேசியது தரையைப் பற்றித்தான். அவர்கள் வீட்டிலும் டைல்தானாம். போட்ட மாதமே வழுக்கி விழுந்து முழங்கால் போய்விட்டதாம். அதற்குப் பிறகு சொந்த வீட்டிலேயே நடக்கப் பயமாம். இது ஈரக் காலையும் பிடித்து நிறுத்துகிறதே, யார் பார்த்து எடுத்தது என்று கேட்டார்.

அம்மா பெருமையோடு, எல்லாரும் சேர்ந்து போய்த்தான் எடுத்தோம் என்றார்.

"பெரியம்மாதான் எடுத்தாங்க" என்றேன். "தண்ணி ஊத்தி ஏறி நின்னு பாத்தாங்க."

அவர் எங்கே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அம்மா தேத்தண்ணித் தட்டை எடுக்கத் திரும்பினார். நான் எழுந்து போய்த் திரையை விலக்கி, இதற்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார் என்று காட்டினேன். கூப்பிடுங்களேன், பார்க்கலாமே என்றார் அவர். முதல் நாள் இரவுதான் லக்கலயிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் போய்க் கதவை இழுத்தார். கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து அடியைப் பார்த்தார்.

பாஸ் அறுக்க மறந்துவிட்டார் என்று அம்மா அவசரமாகச் சொன்னார். மறக்கவில்லை என்று நான் திருத்தினேன்.

"பெரியம்மாதான் அறுக்க வேணாம்னு சொன்னாங்க. கரையானாம். ஆனா பாஸ் தட்டிப் பாத்துட்டு நல்ல பலகைன்னுதான் சொன்னாரு. சித்தி வந்துட்டுப் போனாங்கல்ல, அதுக்கு மறுநாளு."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "பாப்பா, சும்மா இரு. நீங்க பேசிக்கிட்டு இருங்க, நான் பொறகு வாரேன்."

அம்மாவின் கையில் தேத்தண்ணித் தட்டு இருந்தது. அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் பின்கதவால் தூறலுக்குள் இறங்கினார். செருப்பும் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிட்டது மட்டும்தான் வார்த்தையாக விளங்கியது. மிச்சமெல்லாம் அழுகை.

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டு மானத்தைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு என்று பட்டதால், பெரியம்மா ஏசுகிறார் போலிருக்கிறது, அவர் நன்றாக ஏசுவார் என்று விளக்கம் சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உள்ளறையில் சேலை கட்டிக்கொண்டு காத்திருந்த அக்கா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்த சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம் ஆட்களில் ஒரு பெண்ணுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய தேவை இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எனக்கு வழி காட்டு என்றார். அவரைக் கைபிடித்துச் சேற்றுப் பாதையில் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனேன்.

பெரியம்மாவின் குசினியில் அம்மா வெடித்த சிமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா தன் சேலைத் தலைப்பால் அம்மாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். விருந்தாளியைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒதுங்கினார். மாப்பிள்ளையின் அம்மா சுற்றிப் பார்த்து, ஒரு பலகைக் கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"வீட்டுக்கு மூத்தவங்க நீங்கதானே. பொண்ண இங்கயே கூப்பிடுங்க. ஒங்க கையாலயே எனக்கொரு தேத்தண்ணியும் தாங்க."

பெரியம்மா சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டார். பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கேத்தலை எடுத்துத் தண்ணீர் வைத்தார்.

அக்கா சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் கால் வைத்து வைத்து வந்தாள். தேத்தண்ணியைப் பெரியம்மா ஊற்ற, அக்கா கொடுத்தாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ சிரிக்கவும் சிரித்தார்கள். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஹோலில் அப்பாவும் மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. மூலைக்கு மூலை துடைத்து வைத்த தரை வெறுமனே கிடந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மனிதர்கள் வருகிறார்கள் என்பதற்காகத்தானே அம்மா இத்தனை பாடுபட்டு டைல் போட்டார். கடைசியில் எல்லாரும் அதை விட்டுவிட்டு, அந்த வெடித்த சிமெந்துத் தரையில் போய் உட்கார்ந்துகொண்டார்களே.