படகுத்துறையில் பன்னிரண்டு அடி

பங்கானி ஆற்றின் படகுத்துறையில் மணியடிக்கும் இயந்திரத்துக்கு நிரல் எழுதியவள் சவுமு. கடைத்தெருவில் கணினி பழுது பார்ப்பவள். மதியம் தொடங்கி மறுநாள் மதியம்வரை ஒழுங்காக அடித்தால் வேலை அவளுக்கு, இல்லையென்றால் பழையபடி கைமணிதான் என்று துறை அதிகாரி சொல்லியிருந்தார்.

சூரியன் உதித்து ஒரு மணி நேரமானால் எங்கள் சுவாஹிலிக் கணக்கில் மணி ஒன்று. கணினிக்கோ அது ஏழு. ஆகவே கணினியின் இருபத்துநான்கு மணிக் கணக்கில் ஆறைக் கழித்து, மிச்சம் எத்தனையோ அத்தனை சுற்று லூப்பை ஓடவிட்டாள். சுற்றுக்கு ஓர் அடி. மாலை ஆறுவரை எண்ணிக்கை பிசகவில்லை. இரவில் படகு இல்லை, மணியும் இல்லை.

விடிகாலை ஆறுக்கு எங்கள் கணக்கில் பன்னிரண்டு அடிக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் முதல் படகு கிளம்பும். ஓர் அடிகூட விழவில்லை.

"என்னம்மா, உன் மணி இன்னும் எழுந்திருக்கலையா?" என்றார் படகோட்டி கொம்போ.

"மணி கேக்காம இந்த மனுஷன் கயிறு அவுக்க மாட்டார். என் மீனு நாறிடும்டி," என்றாள் கூடைக்காரி.

சவுமுவுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆறில் ஆறு போனால் பூஜ்யம். லூப் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. பூஜ்யம் வந்தால் பன்னிரண்டு என்று ஒரு வரி சேர்த்து மறுபடி ஓடவிட்டாள். பன்னிரண்டும் விழுந்தன.

அதிகாரி கைக்கடிகாரத்தைக் காட்டினார். "எட்டு நிமிஷம் லேட்டு."

"மணி அடிச்சாச்சு சார். உங்க வாட்சை எட்டு நிமிஷம் பின்னால திருப்பி வைங்க," என்று கொம்போ படகை எடுத்துவிட்டார். துறையே சிரித்தது. மதியம்வரை காத்திராமல் அதிகாரி சவுமுவின் வேலை ஒப்பந்தத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.