ஆட்டைக் கொடுத்துக் கண்ட மடு

பெரியாற்று அணை வேலை தொடங்கிய சமயம், வருசநாட்டில் மழை பொய்த்தது. எங்களிடம் மிஞ்சியது ஒரே ஓர் ஆடு. அதைத் தின்றால் இரண்டு நாள் ஓடும். மலை மடுவில் மீன் பிடித்துக் கருவாடு போட்டால் அடுத்த மழைவரை பிள்ளைகள் பிழைப்பார்கள் என்று நினைத்தேன். அந்த மடுவுக்கு வழி தெரிந்தவர் மாயாண்டி ஒருவர்தான். கூலியாக ஆட்டைக் கேட்டார். முந்தின நாளே கொடுத்துவிட்டேன்.

உச்சிவெயிலில் மடுவை அடைந்தோம். வெடித்த சேறும் மீன்முள்ளும்தான் கிடந்தன. ஆத்திரத்தில் அவரை அடிக்கக் கை ஓங்கினேன். அவரோ இரண்டு கையாலும் சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

"போன கோடையில இங்கன ஆள் முங்குற தண்ணி கெடந்துச்சுய்யா" என்றார்.

"என் ஆட்டைத் திருப்பிக் குடுய்யா."

அவர் தலை நிமிரவில்லை. "நேத்தே அடிச்சுட்டோம். பிள்ளைக பசி தாங்கல."

என் கை தானாக இறங்கியது.

வீட்டில் மனைவி மீனுக்காக உலை வைத்துக் காத்திருந்தாள். அந்த வெந்நீரில் உப்பைப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். சின்னவள் அந்த மாதம் தாண்டவில்லை.

மாயாண்டியை ஊரார் ஏமாற்றுக்காரன் என்றார்கள். நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் நிலையில் இருந்திருந்தால் நானும் அந்த ஆட்டை அடித்திருப்பேன்.