மார்க்கண்டர் கலியாணம் சொல்லப் போன வழி

கோப்பாய் மார்க்கண்டருக்குக் காய்ச்சலைப் பற்றிக் கதைக்க ஓர் ஆள் கிடைத்தால் போதும், சோறும் வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கிணறுகளுக்கு மருந்து போட்ட காலம் போய்விட்டாலும் வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. முதல் உலக யுத்தம் முடிகிற நேரம் கப்பலேறி வந்து உலகத்தையே புரட்டிப்போட்ட காய்ச்சல், ஐம்பத்தேழில் வந்த ஆசியக் காய்ச்சல், அறுபத்தெட்டில் கிளம்பிய ஹொங்கொங் காய்ச்சல் என்று மூன்றையும் சொந்தக்காரர் மாதிரிப் பூர்வீகத்தோடு சொல்லுவார். செத்தவீட்டிலும் சொல்லுவார், சங்கக்கடை வரிசையிலும் சொல்லுவார்.

"கிருமிக்குக் காலில்லை. எங்கடை காலிலைதான் அது நடக்கும். காய்ச்சல்காரன் ஒருத்தற்றை வீட்டுப் படியும் ஏறக்கூடாது" என்று முடிப்பார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, மூக்கைச் சீறிக்கொண்டே அடுத்த வீட்டுப் படி ஏறுவார்கள்.

அவருக்கு ஊரில் ஒரேயொரு பகை, வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் குடியிருக்கும் செல்வநாயகம். செல்வநாயகம் தன் மகனுடைய கலியாணத்தை வீட்டுக்குள் வந்து சொல்லவில்லை. வாசல் படலையடியில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமல், ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டு, "அண்ணை, வாற புதன் கலியாணம், எல்லாரும் வாங்கோ" என்றார். கலியாணத்தை அப்படியா சொல்லுவது? உள்ளே வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, குஞ்சு குருமான் வரை பெயர் சொல்லி அழைக்க வேண்டாமா? மார்க்கண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனவர்தான். கலியாணத்துக்கும் போகவில்லை, ஆறு வருசமாகக் கதைக்கவும் இல்லை.

தொண்ணூற்றைந்து தை மாதம். சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மகள் அருந்ததியின் கலியாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்க, மார்க்கண்டர் கிளாலிக் கடலைப் படகில் தாண்டிக் கொழும்புக்குப் போய்வந்தார். கூறையோடு இருமலும் வந்து சேர்ந்தது.

"இஞ்சேருங்கோ, உடம்பு கொதிக்குது. இந்த உடம்போடை கலியாணம் சொல்லப் போகாதேங்கோ" என்றாள் மனைவி பத்மாவதி.

"உது படகிலை பட்ட கடல்காத்து. வெறும் தடிமன், ரெண்டு தும்மலோடை போயிடும்."

ஊரில் யாருக்கு வந்தாலும் காய்ச்சல், தனக்கு வந்தால் தடிமன்! இத்தனை வருச உத்தியோகமும் அந்த இடத்தில் கவிழ்ந்தது. பாவம், ஒரே மகள். ஒரு வீடு தவறினாலும் ஆயுளுக்கும் குறை சொல்லுவார்கள். முழங்கால் வலியோடு இருந்த பத்மாவதியை விட்டுவிட்டுத் தனியே சைக்கிளில் கிளம்பினார். வீடு வீடாக இறங்கினார், இருந்தார், தேத்தண்ணி குடித்தார், பிள்ளைகளின் கன்னத்தைத் தடவினார், இருமினார். செல்வநாயகத்தின் ஒழுங்கைக்கு மட்டும் சைக்கிள் திரும்பவில்லை.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பலகாரம் சுட ஒருவரும் வரவில்லை. பந்தல் போட வரவேண்டியவர்கள் போர்வைக்குள் கிடந்தார்கள். பத்மாவதி நொண்டி நொண்டிப் போய் விசாரித்துவிட்டு வந்து முற்றத்தில் நின்றாள்.

"நீங்கள் சொல்லப் போன ஒழுங்கிலைதான் ஊர் படுத்திருக்கு. முதல் சொன்ன தம்பிராசா வீடு முதல் படுத்தது. கடைசியாச் சொன்ன வாத்தியார் வீடு இண்டைக்குப் படுத்திட்டுது. எழும்பி நடமாடுற வீடு ஒண்டே ஒண்டுதான்."

அது எந்த வீடு என்று மார்க்கண்டருக்குத் தெரியும்.

"மாப்பிள்ளை பகுதி அச்சுவேலியிலையிருந்து வந்து வெறும் வளவைப் பாக்கப்போகுது. பிள்ளை உள்ளை அழுதுகொண்டிருக்கிறாள்."

அந்த அழுகைதான் அவரைச் சைக்கிளில் ஏற்றியது. வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. செல்வநாயகத்தின் படலையில் மணியடித்தார். இறங்கி உள்ளே போகலாம்தான், ஆனால் இருமல் இன்னும் நெஞ்சில் கிடந்தது. இந்த வீடும் படுத்தால் கலியாணம் அம்போ. சைக்கிளில் இருந்தபடியே ஒற்றைக்காலை ஊன்றினார்.

"செல்வநாயகம், வெள்ளிக்கிழமை பிள்ளையின்ரை கலியாணம். குடும்பத்தோடை வந்து நிண்டு நடத்தித் தரவேணும். இறங்கேல்லை எண்டு குறை நினையாதையும். எனக்குக் காய்ச்சல்."

தன்னுடையதைக் காய்ச்சல் என்று அவர் ஒத்துக்கொண்டது அதுதான் முதல்தடவை.

செல்வநாயகம் படலைக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். "அண்டைக்கு எனக்கும் காய்ச்சல்தான் அண்ணை. படி ஏறக்கூடாதெண்டு நீங்கள்தானே சங்கக்கடையிலை சொன்னனீங்கள். அதைச் சொல்ல வாயெடுக்க முந்தி நீங்கள் உள்ளை போயிட்டியள்."

ஊரிலேயே தன் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே மனிதனோடு ஆறு வருசம் கதைக்காமல் இருந்திருக்கிறார்! மார்க்கண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசியக் காய்ச்சலைக் கூட மறந்துபோய்ச் சைக்கிளைத் திருப்பினார்.

அன்று பின்னேரமே செல்வநாயகம் வீட்டார் அத்தனை பேரும் வந்து இறங்கினார்கள். பந்தல் எழும்பியது, எண்ணெய்த் தாச்சி அடுப்பில் ஏறியது, வெள்ளிக்கிழமை தாலியும் ஏறியது. எழும்பக்கூடியவர்கள் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து வாழ்த்தினார்கள். நாதஸ்வரக்காரர் மூச்செடுத்த இடமெல்லாம் இருமல்தான் கேட்டது.

அடுத்த கிழமை செல்வநாயகம் வீடு படுத்தது. மார்க்கண்டர் மல்லித்தண்ணிப் போத்தலோடு போனார்.

"இறங்காதேங்கோ அண்ணை, வீடு முழுக்கக் காய்ச்சல்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எனக்கு வந்து மாறிட்டுது. இனி என்னை ஒண்டும் செய்யாது. முதல் யுத்த நேரம் வந்த காய்ச்சல் இருக்கெல்லே..." என்று தொடங்கியபடி மார்க்கண்டர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் படி ஏறினார். எழும்பி ஓடச் சீவன் இல்லாத செல்வநாயகம், ஹொங்கொங் வரைக்கும் கேட்டுக்கொண்டு கிடந்தார்.