போடிமெட்டுக்கு ஒரு ஸ்பேனர் பை

போடிமெட்டு வழியாக ஏலமலைக்குப் போகிறவர்கள் பையில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும் என்று பலர் கேட்டு எழுதுகிறீர்கள். எனக்கு ஒரே ஒரு பைதான் நினைவுக்கு வரும். எண்பதுகளின் தொடக்கம், சித்திரை மாதம், எனக்குக் கல்யாணமான புதிது. மலையில் குத்தகைக்கு ஏலத்தோட்டம் வைத்திருந்த என் அக்காவிடமிருந்து ஆள் வந்தது. டீசல் எஞ்சின் நின்றுவிட்டது, ஓடைத் தண்ணீர் மேலே ஏறவில்லை, நாற்றெல்லாம் வாடுகிறது என்று.

என் கணவர் போடியில் டீசல் மெக்கானிக். ராசிங்காபுரத்தில் நிலபுலன் உள்ள எங்கள் சொந்தங்களுக்கு, கிரீஸ் கைக்காரருக்குப் பெண் கொடுத்ததில் இன்னும் மனத்தாங்கல். அக்கா வீட்டுக்காரரும் அந்தக் கட்சிதான். எஞ்சின் ஓடினால் நாற்றும் பிழைக்கும், இவர் பேரும் பிழைக்கும்.

ஜீப்பை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். வந்த ஆள் சொன்னதை வைத்துப் பார்த்தால், எஞ்சினுக்கு டீசலைப் பீய்ச்சிக் கொடுக்கிற இன்ஜெக்‌ஷன் பம்பை மாற்ற வேண்டும். புதுப் பம்பே நல்ல கனம். அதனால் முந்தின நாள் சாயங்காலம் சாக்கை விரித்து ஸ்பேனர்களைப் பொறுக்கினார். பைப் நட்டுக்குப் பதினேழு. அதைத் திருகும்போது கீழே அசையாமல் பிடிக்க இன்னொன்று. பம்பை இறுக்கியிருக்கும் நட்டுகளுக்குப் பதிமூன்று. வாய் திறந்த ஸ்பேனர்கள் ஒரு துணிச்சுருளில், கழுத்து வளைந்த ரிங் ஸ்பேனர்கள் இன்னொன்றில். இவர் எடுத்து வைப்பதும் கையில் தூக்கிப் பார்ப்பதுமாக இருந்தார். நான் உலை வைக்கப் போய்விட்டேன்.

போடியிலிருந்து போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர். விடிந்ததும் நாங்கள் இருவரும் ஏறிய ஜீப்பு முழுக்க எஸ்டேட் பெண்கள்.

"அண்ணே, பைய மடியில வச்சுக்கங்க. ஆளுக்கே எடமில்ல" என்றார் டிரைவர்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் காற்று மாறியது. மெட்டில் இறங்கும்போது மூடுபனி. எனக்குப் பல் கிட்டித்தது. இவர் பைக்குள் கைவிட்டு என் ஸ்வெட்டரை உருவினார்.

"இந்தா, போட்டுக்க."

"இத எப்ப எடுத்து வச்சீக?"

"சித்திரைதானேன்னு நீ விட்டுட்டு வருவேன்னு தெரியும்."

ஸ்வெட்டரில் டீசல் வாடை. மூக்கைச் சுளித்துக்கொண்டேதான் போட்டேன், ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

தோட்டத்தில் பைப்பு கழன்றது. முன்பக்க நட்டுகளும் கழன்றன. பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒளிந்திருந்த கடைசி நட்டுக்கு மட்டும் நேர் ஸ்பேனர் எட்டவில்லை.

"ரிங்கு எங்க சகலை?" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

"மறந்துட்டேன்."

"ஸ்பேனர மறந்துட்டு வார மெக்கானிக்க இப்பத்தேன் பாக்குறேன்."

அக்கா நாற்றங்காலைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவரோ, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் அடுப்பைப் பற்றவைக்க முடியுமா என்று கேட்டார். அறுவடை இல்லாத காலம், அடுப்பு அணைந்து கிடந்தது. ஒரு ஸ்பேனருக்காகவா என்று முணுமுணுத்தபடியே அக்கா வீட்டுக்காரர் விறகு அடுக்கினார். பதிமூன்றாம் நம்பரைச் சிவக்கக் காயவைத்து, கல்லில் வைத்துத் தட்டி, கழுத்தை வளைத்தார் இவர். அது ஆறியதும் கொண்டுபோய் மாட்டினார். நட்டு அசைந்தது.

புதுப் பம்பைப் பொருத்தி, பைப்பில் இருந்த காற்றை வெளியேற்றி, ஹேண்டிலைச் சுற்றினார். எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. நாற்றங்காலில் தண்ணீர் பாய்ந்தபோது அக்கா சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் வீட்டுக்காரர் இவர் கையில் தண்ணீர் ஊற்றி, "வாங்க சகலை, சேந்து சாப்புடுவோம்" என்றார்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். காலை ஜீப்பையே பிடியுங்கள். மழைக்காலத்தில் ஒற்றையடிப் பாதையில் அட்டை ஏறும், உப்பு கொண்டுபோங்கள். எந்த மாதமானாலும் ஸ்வெட்டரை விடாதீர்கள்.

திரும்பி வந்ததும் அந்த ஸ்வெட்டரை மடித்து வைக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அது இருந்த இடத்தில் ரிங் ஸ்பேனர் சுருள் இருந்தது.

"மறந்துட்டேன்னு ஏன் சொன்னீக?"

"பின்ன, ஒன் ஸ்வெட்டரால எடமில்லாமப் போச்சுன்னு சகலைகிட்டச் சொல்லவா?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.