அல்போன்சா டீச்சர் போட்ட கையெழுத்து

சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர் அல்போன்சா. கணவர் லூயிஸ் யுத்தம் தொடங்கிய வருஷம் டைபாய்டில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. கோயிலுக்குப் பின்சந்தில் அவர் விட்டுப்போன ஓட்டு வீடும், அவருடைய தம்பி ஞானதாஸும்தான் டீச்சருக்கு மிச்சம்.

ஞானதாஸ் பட்டாள முகாம்களுக்கு விறகு சப்ளை செய்ய ஆசைப்பட்டார். முன்பு ஒரு கான்ட்ராக்டில் பெயர் கெட்டுப்போனதால் அவர் பெயருக்குக் கிடைக்கவில்லை.

"அண்ணி, உங்க பேர்ல எடுத்துக்கறேன். கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

லூயிஸின் குரல் அப்படியே அவருக்கு. அவர் காட்டிய இடத்திலெல்லாம் டீச்சர் கையெழுத்துப் போட்டார், பாங்க் செக்கிலும்கூட. கிறிஸ்துமஸுக்கு ஒரு புடவை வரும். அதைத் தவிர அந்தப் பணத்தில் அவர் ஒரு சல்லி பார்த்ததில்லை.

நாற்பத்தேழாம் வருஷ மழைக்காலத்தில் இன்கம்டாக்ஸ் நோட்டீஸ் வந்தது. யுத்தகாலத்தில் கான்ட்ராக்டில் வந்த வருமானத்தை ஏன் காட்டவில்லை என்று கேட்டிருந்தார்கள். டீச்சர் ஞானதாஸிடம் ஓடினார்.

"பயப்படாதீங்க அண்ணி, நானே ஆபீசுக்கு வந்து சொல்லிடறேன்."

வந்தார். அதிகாரி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணி சொன்ன வேலையத்தான் செஞ்சேன் சார். பணமெல்லாம் அவங்க கையிலதான் குடுத்தேன்" என்றார்.

அதிகாரி தன்மையான மனிதர். "கையெழுத்தெல்லாம் உங்களுடையது அம்மா. வேற சாட்சி உண்டா?" என்று கேட்டார்.

இருந்தது. விறகு வண்டி ஓட்டிய மண்ணாங்கட்டிக்கு எல்லாம் தெரியும். டீச்சர் குப்பத்தில் அவர் குடிசையைத் தேடிப்போனார்.

"எனக்குத் தெரியாதாம்மா? பணத்த அவருதான் வாங்கிக்கினு போனாரு. ஆனா இன்னிக்கும் அவரு வண்டிதான் ஓட்டறேன். நாலு புள்ளைங்க கீது. என்னை இன்னா செய்யச் சொல்றே?"

மண்ணாங்கட்டியின் மகள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு டீச்சர் திரும்பினார்.

வரிக்கும் அபராதத்துக்குமாக வீடு ஏலத்தில் போயிற்று. மயிலாப்பூரில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் டீச்சருக்கு ஓர் அறை கிடைத்தது. வேலை போகவில்லை, ஆனால் அவர் உள்ளே நுழைந்தால் மற்ற டீச்சர்களின் பேச்சு நின்றுவிடும்.

மறுவருஷம் ஞானதாஸ் நிமோனியாவில் விழுந்தார். கோயில் சாமியார் வந்து, சாகக்கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலும் கொடுத்தாயிற்று. டீச்சருக்கு ஆள் அனுப்பினார்கள். சாகும்போதாவது உள்ளதைச் சொல்வார், நாலு பேர் காதில் விழும் என்று நம்பிப் போனார்.

ஞானதாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, எம்மேல கோவம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவ்வளவுதான். கட்டிலைச் சுற்றி நின்ற உறவுக்காரர்கள் எல்லாரும் டீச்சரின் முகத்தையே பார்த்தார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் மனுஷனிடம் வேறு என்ன சொல்வது?

"இல்ல" என்றார்.

ஞானதாஸ் பிழைத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்துக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, தெரிந்த பெண்மணி ஒருத்தி டீச்சரை நிறுத்தினாள். "நீங்களே வந்து சமாதானமாப் பேசினீங்களாமே! அண்ணி பண்ணினதையெல்லாம் மறந்துட்டேன்னு உங்க கொழுந்தன் சொன்னாரு. எவ்வளவு பெரிய மனசு அவருக்கு!"

டீச்சர் அவளைத் தாண்டி நடந்தார். அதன்பிறகு கோயிலுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார். ஜெபம் சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வருவதில்லை.