வெள்ளைக்கல் கொல்லியில் பொன்

எனக்கு ஒன்பது வயதான வருஷம் எங்கள் சொந்த நிலத்தில் தங்கம் கிடைத்தது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் கண்ணால் பார்த்தேன். சொல்லப்போனால் முதலில் பார்த்தவளே நான்தான்.

எங்கள் ஊர் பாகாலாவிலிருந்து ஒரு மணி நேர நடை; தமிழும் தெலுங்கும் கலந்த பக்கம். எங்கள் தெருவில் அப்போது யாருக்கும் காலடி மண் சொந்தமில்லை. எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்தத் தெருவில் முதன்முதலாகப் பட்டா வாங்கியவர் எங்கள் நைனா. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். கோலார் பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்தில் எட்டு வருஷம் வேலை செய்து, மிச்சம் பிடித்த கூலியில் மூன்று ஏக்கர் புன்செய் வாங்கினார். புன்செய்யை நாங்கள் கொல்லி என்போம். எங்களுடையது வெள்ளைக்கல் கொல்லி. மண்ணைவிடக் கல் அதிகம் என்பதால்தான் பெரிய வீட்டுக்காரர் அதை எங்களுக்கு விற்றார். ஆனாலும் அதில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்து எறிய யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதில் அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த வருஷம் பொங்கலுக்கு ஒரு மாத லீவில் நைனா வந்தார். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்து வந்தார். சுரங்கத்தில் தன்னோடு கீழே இறங்கி வேலை செய்த ஒருவருடைய தகரப் பெட்டியை நாராயணவனத்துக்குப் பக்கத்தில் அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அந்த மனிதர் ஏன் தன் பெட்டியைத் தானே கொண்டுபோகவில்லை என்று கேட்டேன்.

“துன்னுட்டுத் தூங்கு” என்றாள் அம்மா.

பொங்கல் கழிந்த மறுநாள் நைனா கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு கொல்லிக்குப் போனார். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, “கோலார்ல தங்கம் இந்த மாதிரி வெள்ளக்கல்லுலதான் கீது. நம்ம கொல்லி பூரா வெள்ளக்கல்லுதானே? தேடித்தான் பாக்கலாமே” என்றார். அம்மா முகவாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

முதல் நாளே கிடைத்தது. மதியம் நைனா ஓட்டமும் நடையுமாக வந்தார். துண்டில் முடிந்து கொண்டுவந்த கல்லை முற்றத்தில் வைத்து, வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பினார். பொன் நிறத்தில் மின்னியது. அம்மா அதை வாங்கி நகத்தால் ஒரு கீறு கீறினாள். மினுமினுப்பு ஏடு ஏடாக உரிந்து வந்தது.

“காக்காப்பொன்னு. ஆடு மேய்க்கிற பொண்ணுங்களக் கேட்டா கூட சொல்லும்” என்றாள்.

நைனாவின் அண்ணன், எங்கள் பெரிநைனா, அதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எட்டு வருசம் தங்கச் சுரங்கத்துல இருந்தவனுக்குத் தங்கம் எது, காக்காப்பொன்னு எதுன்னு தெரிலயா?”

“தங்கத்த நான் எங்க பாத்தேன்?” என்றார் நைனா. “கல்லு ஒடைக்கிறதுதான் நம்ம வேல. ஒடச்ச கல்லு மேல போய்டும். அங்க மிஷின்ல அரச்சி, பூட்டுப் போட்ட ரூம்புல வெள்ளக்காரன் எடுப்பான். சத்தியமா சொல்றேன், எட்டு வருசத்துல ஒரு பொட்டு பாத்ததில்ல.”

ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. நைனா கடப்பாரையோடு தெருவில் போகும்போது, “இன்னா, இன்னிக்கி எத்தினி மூட்ட?” என்று கேட்காதவர் இல்லை. எனக்கு அழுகை வரும். நைனா சிரித்துக்கொண்டே போவார். அம்மாவும் அந்தக் கேலியில் சேர்ந்துகொண்டாள் என்பதுதான் எனக்குக் கோபம்.

மாசி மாதம் தெருக் கிணற்றில் தூர் வாரினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் இறங்க வேண்டும். எங்கள் முறை வந்தபோது நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்கினார். நாலு படி இறங்கியிருப்பார். அங்கேயே நின்றுவிட்டார். மேலிருந்து கூப்பிடக் கூப்பிட, இரண்டு கையாலும் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஏறி வந்து, கால் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். குளிக்காமலே அவர் உடம்பெல்லாம் நனைந்திருந்தது. யாரோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தானே கிணற்றில் இறங்கினாள். முப்பது கூடை சேறு அள்ளிக் கொடுத்துவிட்டு ஏறினாள்.

அன்று மாலை கை கால் கழுவிக்கொண்டு வந்தவள், நைனாவுக்கு எதிரில் உட்கார்ந்து, “நாளைக்கி நானும் வரேன் கொல்லிக்கு” என்றாள்.

“நீ எதுக்கு?”

“கல்ல ஒடச்சிக்கினே கெடந்தா தங்கம் வராதுய்யா. மழ பெஞ்சி அடிச்சிக்கினு வந்தது ஓடையிலதான் நிக்கும். அரிசில கல்லு எப்டி எடுக்கறோம்? அப்டி அரிச்சிப் பாக்கலாம்.”

அம்மாவுக்கும் தங்க ஆசை வந்துவிட்டது என்று நான் குதித்தேன்.

மறுநாள் அவள் சமையலறையிலிருந்து அரிக்கஞ்சட்டியை எடுத்துக்கொண்டாள். உள்ளே வட்டம் வட்டமாக வரி போட்ட மண்சட்டி அது. அரிசியைத் தண்ணீரோடு அதில் சுழற்றினால் அரிசி வழிந்து போகும், கனமான கல் வரிகளில் தங்கிவிடும். கொல்லியின் ஓரமாக ஓடும் ஓடையில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. பாறை இடுக்குகளில் படிந்திருந்த மணலை நைனா தோண்டிப் போட, அம்மா அரித்தாள். நைனாவும் ஒருமுறை முயன்றார். மணல், தண்ணீர், எல்லாம் சேர்ந்து அவர் மடியில் கொட்டியது. பிறகு தோண்டுவதோடு நிறுத்திக்கொண்டார்.

அம்மாவின் மணிக்கட்டு மட்டும் அசையும். வெள்ளை மணல் மெல்ல மெல்ல வழிந்து போய், கடைசியில் எள்ளைப் போலக் கருமணல் நிற்கும். அதை விரலால் தொட்டு என் பலகையில் பரப்புவாள். பள்ளிக்கூடத்துக்கு நான் கொண்டுபோகும் கல் பலகைதான். கறுப்பில் தெரியும் என்பது அவள் யோசனை. மூன்று நாள் வெறும் மணல். நான்காவது நாள் பலகையைச் சாய்த்துப் பார்த்தபோது ஓர் ஓரத்தில் மஞ்சளாக ஒன்று. ஊசி முனை அளவு. சூரியனுக்கு முதுகைக் காட்டினேன். நிழலிலும் அது மஞ்சளாகவே இருந்தது.

“அம்மா, இங்க பாரு!” என்றேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். நைனா பார்த்தார். நைனா என்னை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடைக்குள் இரண்டு சுற்று சுற்றினார். தண்ணீர் தெறித்ததில் அந்தப் பொட்டு போய்விடும் என்று அம்மா கத்தினாள்.

அதற்குப் பிறகு தினமும் போனோம். சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு, பல நாள் ஒன்றுமில்லை. கிடைத்ததையெல்லாம் அம்மா தன் குங்குமச் சிமிழில் சொட்டுத் தண்ணீர் விட்டு வைத்தாள். பங்குனியில் ஓடை வற்றியதும் தெருக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து அரித்தாள். நைனாவின் லீவு முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் மூவரும் ரயிலேறித் திருப்பதிக்குப் போனோம். கோவிந்தராஜர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டாரிடம் சிமிழைத் திறந்து காட்டினோம். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வெங்காரம் போட்டு, ஊதுகுழலால் ஊதினார். நெருப்பில் ஏதோ உருண்டது. வெளியே எடுத்தபோது கேழ்வரகில் பாதி இருக்கும். அதைப் பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நொறுங்கவில்லை. மெலிதாகப் பரந்து, அவருடைய விரல் நுனியில் சூரியனைப் போல ஒட்டிக்கொண்டு வந்தது.

“பங்காரமேம்மா!” என்றார் தெலுங்கில். தங்கமேதான். பிறகு எங்கள் மூவரையும், எங்கள் கால்களில் இருந்த புழுதியையும் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். “எங்கிருந்து வந்தது இது?”

நைனா நிமிர்ந்தார். அவர் அவ்வளவு உயரம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“எங்க கொல்லில” என்றார்.

அந்த இரண்டு வார்த்தையை ஊர் திரும்பும்வரை எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூடத்தில் தமிழில் சொன்னேன், தெலுங்கிலும் சொன்னேன். வாத்தியார் இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் சொன்னேன். பெரிநைனா வந்து சிமிழை வெகுநேரம் பார்த்தார், சிரிக்கவில்லை. எங்களுக்கு நிலம் விற்ற பெரிய வீட்டுக்காரரே குடை பிடித்துக்கொண்டு வெள்ளைக்கல் கொல்லிக்கு வந்தார். வரப்பிலேயே நின்று, “உள்ள வந்து பாக்கலாமா?” என்று கேட்டார். எங்கள் தெரு ஆளிடம் அவர் உத்தரவு கேட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நைனா கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றுவிட்டு, “வாங்க” என்றார்.

சித்திரை பிறந்ததும் சுரங்கத்துக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி வந்தார். வெள்ளைத் தலைப்பாகை, கையில் நோட்டு. இருபது வருஷமாக எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோகிறவர். கட்டிலில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “இன்னாப்பா, லீவு முடிஞ்சி ரெண்டு மாசமாச்சி. அடுத்த வாரம் வண்டி ஏறணும். பேரு எழுதிக்கவா?” என்றார்.

நைனா தரையைப் பார்த்தார். அவர் கை கட்டிலின் சட்டத்தைப் பிடித்திருந்தது. கிணற்றில் கயிற்றைப் பிடித்திருந்த அதே பிடி.

அம்மா உள்ளே போய்ச் சிமிழோடு வந்தாள். “அவரு எப்டி வருவாரு? எங்க கொல்லிலயே தங்கம் கீது. நீங்களே பாருங்க.”

மேஸ்திரி பார்த்தார். “இவ்ளோதானா?” என்றார்.

“இன்னும் கீது. ஓட முச்சூடும் அரிக்கணும். தோண்டிப் போட ஆம்பள ஆளு வாணாமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின வாரம்தான் அவள் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, “அவ்ளோதான், இனிமே ஒண்ணும் இல்ல” என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் குதிகால் என் கட்டை விரலில் வந்து அழுத்தமாக உட்கார்ந்தது. கத்தக்கூட முடியவில்லை.

மேஸ்திரி அம்மாவைப் பார்த்தார். பிறகு நைனாவை வெகுநேரம் பார்த்தார். நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“சரிதாம்மா. தங்கம் கெடச்ச மனுசன எப்டிக் கூப்ட்றது? நான் அங்க அப்டியே சொல்லிட்றேன்” என்றார். வாசலில் நின்று, எதற்கோ, நைனாவின் முதுகில் ஒருமுறை தட்டிக் கொடுத்தார்.

அந்த ஓடையில் பிறகு ஒரு பொட்டும் கிடைக்கவில்லை. ஆனியில் மழை பெய்ததும் கல்லைப் பொறுக்கி வரப்பில் அடுக்கிவிட்டுக் கடலை விதைத்தோம். நைனா எழுபது வயது தாண்டியும் அந்த நிலத்தில் உழுதார்.

ஆனால் இதைச் சொல்லத் தொடங்கினால் என் மனம் வந்து நிற்கும் இடம் பாகாலா ஸ்டேஷன்தான். கோலாருக்குப் போகிறவர்களை வழியனுப்ப நைனா போனார். நானும் கூடப் போனேன். பாவாடையை நீவிவிட்டுக்கொண்டு, எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்ற நினைப்போடு பிளாட்பாரத்தில் நடந்தேன். காட்பாடி வண்டியில் ஒரு பெட்டி முழுக்க எங்கள் பக்கத்து ஆட்கள். ஜன்னலுக்கு ஜன்னல் நைனாவுக்குத் தெரிந்த முகம். அவர்களில் மீசை சரியாக முளைக்காத ஒருவன் வெளியே தலையை நீட்டி, “நெஜமாவே வரலயாண்ணே?” என்று கேட்டான்.

“இல்லடா.”

“இனிமே எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

நான் பொறுக்க முடியாமல் எக்கி நின்று, “எங்க கொல்லில தங்கம் கீது!” என்று அந்தப் பெட்டி முழுவதற்கும் கேட்கக் கத்தினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. வண்டி நகர்ந்தது. அந்தப் பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என் நைனாவையே பார்த்துக்கொண்டு போனான். அடுத்த ஜன்னலில் இருந்தவரும் அப்படித்தான், அதற்கடுத்தவரும் அப்படித்தான். பிளாட்பாரத்து வெயிலில் நின்றிருந்த என் நைனாவை, வண்டி வளைவில் மறையும்வரை, அத்தனை பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். எங்கள் தங்கத்தைக் கண்டு அவர்களுக்கெல்லாம் வயிறு எரிகிறது என்று நினைத்து, நான் நைனாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தலை நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தேன்.