ஊதாப் புள்ளி

அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் அவள் சிஸ்டராகச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது. இத்தனை காலத்தில் அவள் மாற்றாத முறை ஒன்று உண்டு. மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன், வலிக்கிற பல்லை நோயாளியையே தொட்டுக் காட்டச் சொல்வாள். தொட்ட இடத்து ஈறில் ஊதா மையால் ஒரு புள்ளி வைப்பாள். எக்ஸ்ரே மெஷின் நான்கு மாதமாகப் படுத்துக் கிடப்பதால், டாக்டர் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் பல் பிடுங்கும் இடுக்கியை வைப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு டாக்டர்களில் ஒருவர் வரவில்லை. முப்பத்தொன்பதாவது ஆளாக நாற்காலியில் உட்கார்ந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி அவளிடம் நீட்டினார்.

“வாயில மொத்தமே ரெண்டு பல்லுதான் சிஸ்டர், ரெண்டும் கீழ. ஒண்ணு உயிரை எடுக்குது. இன்னொண்ணைப் பிடிச்சுக்கிட்டுதான் இந்த செட்டு தொங்கிட்டு வருது, ஃபுட்போர்டுக்காரன் மாதிரி. ஈறு தேஞ்சுபோச்சு, அந்தப் பல்லு போனா எந்த செட்டும் நிக்காதாம். பார்த்துக்கோங்க.”

“பார்த்துக்கறேன் ஐயா. டிக்கெட் எடுத்தவரை யாரு எறக்கப் போறா?”

கொதிக்கவைத்த கருவிகளை எடுக்கப் பின்னறைக்குப் போனாள். திரும்புவதற்குள் டாக்டர் ஊசியைப் போட்டிருந்தார். வெளியே பெஞ்சில் இன்னும் பதினொரு பேர். அவள் தயங்கினாள். பிறகு, “எந்தப் பல்லுன்னு தொடுங்க,” என்றாள். வாய் மரத்துப்போனவர் எதையோ தொட்டார். வெளிப்பார்வைக்கு இரண்டு பல்லும் ஒன்றுபோலத்தான் மஞ்சளாக இருந்தன. அவள் புள்ளி வைத்தாள்.

பல் அடம்பிடித்துத்தான் வந்தது. கழுவிப் பார்த்தாள். வேரில் ஒரு சொத்தை இல்லை. கழுத்தில் மட்டும், செட்டின் கம்பி வருடக்கணக்கில் உரசிய மெல்லிய கோடு.

டாக்டரிடம் காட்டினாள். அவர் குரலைத் தாழ்த்தினார். “அது மட்டும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? விடுங்க, சொல்ல வேணாம்.”

வேர் அழுகிய பல்லையும் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தார்கள்.

அவள் சொல்லிவிட்டாள். “ஐயா, முதல்ல எடுத்தது உங்க நல்ல பல்லு. ஊசிக்கு முன்னாடி கேட்டிருக்கணும். நான் கேட்கல.”

அவர் குழறலாக, “நான்தானேம்மா தொட்டேன்,” என்றார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அரை மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வாள். இவருக்குக் கடிக்கப் பல் இல்லை, பஞ்சு நழுவியது. விரலாலேயே அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி முப்பது நிமிடம் நின்றாள். டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். போகவில்லை.

ரத்தம் நின்றதும் கண்டக்டர் எழுந்தார். அவள் திருப்பித் தந்த கைக்குட்டைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

நாற்பதாவது ஆள் வந்து உட்கார்ந்தார். ஊசிக்கு முன்பே தொடச் சொன்னாள். தொட்டார். புள்ளி வைத்தாள். நம்பிக்கை வராமல், இன்னொரு முறை தொடச் சொன்னாள்.